பதினேழாம் வீடு காலி இல்லை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அறையில் மூன்று குழல்விளக்கு எரிகிறது. ஜன்னலை ஒட்டி இருப்பது பகலில் தேவையே இல்லை. பக்கத்து அறையில் ஆளே இல்லாமல் மின்விசிறி சுற்றுகிறது, வரும்போது பார்த்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வருஷம் அதே வேலையாக இருந்தவளுக்குக் கண் அங்கேதான் போகும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

எங்கள் கட்டடம் நாலு மாடி, இருபத்துநாலு வீடு. நகராட்சி கட்டி வாடகைக்கு விட்டது. கட்டும்போதே லிப்டுக்கென்று தரையிலிருந்து கூரை வரை ஒரு குழி விட்டார்கள். லிப்ட் மட்டும் வரவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குழியில் பழைய சைக்கிள்களும் உடைந்த வாளிகளும்தான் குடியிருந்தன. நாங்கள் நாலாம் மாடி. என் வீட்டுக்காரர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது. முதலில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்குவார்கள். பிறகு ஒருவருக்கு முதுகுவலி வந்தது, ஒருவர் வீடு மாறிப் போனார், மற்றவர்கள் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் வேகமாக இறங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று வருஷமாக இவர் பார்த்த வெளியுலகம், ஜன்னலில் கழுத்தை நீட்டினால் தெரியும் எதிர்க்கடையின் தகரக் கூரைதான்.

அப்போதுதான் நகராட்சியும் மின்சாரக் கம்பெனியும் சேர்ந்து அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். படிக்கட்டு முகப்பில் கூட்டம் போட்டார்கள். நகராட்சி இன்ஜினீயர் பேசினார்.

"முதல்ல பல்பு, ஃபேன் எல்லாம் மாத்தித் தருவோம். கூரைக்கு வெள்ளை பூசுவோம். அப்புறம் ஒரு வருஷம் அளப்போம். கட்டடம் மொத்தமா நூத்துக்கு இருபது மிச்சம் பிடிச்சா ரெண்டாம் கட்டம் உண்டு. தண்ணி மோட்டார் புதுசு, மேல சோலார், லிப்ட்."

"ஏன் சார், லிப்ட் ஓடினா கரண்ட் ஆகாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது சோலார்ல ஓடும்ங்க."

"அப்ப மழை நாள்ல பாதி வழியில நின்னா? எல்லாரும் இறங்கித் தள்ளணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் கண்டக்டர். முப்பத்துநாலு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயசு. மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பதினேழாம் எண்ணில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் வேறு ஊரில். வாய் ஓயாது. படிக்கட்டில் ஏறும்போதே நிறுத்தம் நிறுத்தமாகப் பெயர் சொல்லிக்கொண்டு ஏறுவார்: "தையல்காரம்மா வீடு, இறங்குறவங்கல்லாம் இறங்கு."

இன்ஜினீயர் விதிகளையும் படித்தார். அதில் ஒன்றை மட்டும் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். "ஒரு வீடு தொடர்ந்து முப்பது நாள் காலியா இருந்தா அந்த வீட்டு மிச்சம் கணக்குல வராது. ஆள் இல்லாம மிச்சமாகுறது சிக்கனம் இல்ல, பாருங்க." எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது.

கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒரு தாள் வரும். கால் மணிக்குக் கால் மணி அந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் போனது என்று கோடாகப் போட்டிருக்கும். அதை வீடு வீடாகக் கொடுத்து, எங்கே குறைக்கலாம் என்று சொல்வது என் வேலை. கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு இஸ்திரி, எங்கே புருஷன் பெண்டாட்டி சண்டையில் சமைக்கவில்லை என்று. ஆறாம் எண் வீட்டு பிரிட்ஜின் கதவு ரப்பர் போய்விட்டதை அந்த வீட்டுக்காரிக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவள் நான். என்னைப் பார்த்தால் ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையோடு கதவைத் திறப்பார்கள். "அக்கா வராங்க, டிவியை நிறுத்து" என்று உள்ளே குரல் கேட்கும். நான் சிரித்துக்கொள்வேன்.

கண்டக்டர்தான் எல்லோரையும்விட அதிகம் விட்டுக்கொடுத்தார். ஒரு பழைய ஏசி வைத்திருந்தார், மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார். கட்டடத்திலேயே பெரிய மிச்சம் அவர் வீட்டில்தான். கெட்டிலை மட்டும் விடவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு அவர் தாளில் ஒரு கோடு நாய்ப்பல் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

"அடுப்புல வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, ஏசியைக் கேட்ட, கொடுத்தேன். டிவியைக் கேட்ட, பாதி கொடுத்தேன். கெட்டிலையும் எடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு எழுந்திரிக்கிறது?"

மத்தியானம் மேலே வந்து இவரோடு சீட்டு ஆடுவார். இவர் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார், வா என்று அர்த்தம். அவர் துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டுவார், வருகிறேன் என்று. "பெயின்டரே, லிப்ட் வரட்டும். முதல் டிரிப்புக்கு நான்தான் டிக்கெட் கிழிப்பேன்" என்பார். இவர் வாய்விட்டுச் சிரிப்பது அப்போது மட்டும்தான். இதை எழுதுவதற்குக் காரணம், எனக்கு அவர்மேல் பகை எதுவும் இருந்ததில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தரை மாசம் ஓடியது. மிச்சம் நூற்றுக்கு இருபதே முக்கால். பதினேழாம் வீடு இல்லாமல் போட்டுப் பார்த்தால் பத்தொன்பதுகூட வராது. இதை நான் சும்மா ஒரு பொழுதுபோக்காகப் போட்டுப் பார்த்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தாளோடு போனேன். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. அவர் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும் ஆள் என்பதால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். சமையலறைத் தரையில் கிடந்தார். கெட்டில் பக்கத்தில் உருண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை, வலது கால் அசையவில்லை. கண் திறந்து என்னைப் பார்த்தார். "ங்... ங்..." என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் வந்தது.

ஒரு கையில் போனை எடுத்துவிட்டேன், ஆம்புலன்சைக் கூப்பிட. இன்னொரு கையில் தாள் இருந்தது. அளவு வருஷம் முடிய நாற்பத்தைந்து நாள் மீதி. பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மாசத்துக்குள் திரும்பமாட்டார், மகள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வீடு காலி. அதே ஆள் பதினாறு நாள் கழித்துப் போனால் மீதி இருபத்தொன்பது நாள்தான். வீடு கணக்கில் நிற்கும்.

பதினாறு நாள். யோசித்துப் பாருங்கள், அது ஒன்றும் பெரிய காலமில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? துடைப்பார்கள், புரட்டிப் போடுவார்கள், ஊட்டுவார்கள். ஆறு வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். போர்வையை அவருக்கு அடியில் செருகி இழுத்துக் கொண்டுபோய்க் கட்டிலில் ஏற்றினேன். முகம் துடைத்தேன். "டாக்டருக்குச் சொல்லியிருக்கேன், வந்துடுவாரு" என்றேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு நாலு தடவை போனேன். கஞ்சியைச் சன்னமாகக் கரைத்து ஸ்பூனில் ஊட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கண் வாசல் கதவுக்குப் போகும். "இன்னிக்கு டாக்டருக்குக் கூட்டம் அதிகமாம்" என்பேன். "லீவாம்" என்பேன். நாலைந்து நாளுக்குப் பிறகு அவர் கதவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். என்னையே பார்ப்பார்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா படிக்கட்டில் மறித்தாள். "என்னக்கா, கண்டக்டர் சத்தமே காணோம்? பஸ் ரிப்பேரா?"

"ஜுரம். தொண்டை வேற கட்டிருக்கு. ஒட்டிக்கிற ஜுரமாம், நீ போயிடாத. வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

"ஐயோ, நான் ஏன் போறேன். நீங்க இருக்கீங்களே, அவர் செஞ்ச புண்ணியம்."

முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். அவர் போனை நான்தான் எடுத்தேன்.

"அப்பா எங்க ஆன்ட்டி?"

"பக்கத்துலதாம்மா இருக்காரு. தொண்டை புண்ணாயிருக்கு, ஒரு வாரம் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்பாவை ஒரு வாரம் பேசாம இருக்க வெச்சிட்டாரா? அந்த டாக்டருக்குக் கோயில் கட்டணும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் தானாக வரும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "கேளு. கண்டக்டர் தட்டுறாரு. ஜுரம் விட்டுடுச்சு போல." கைத்தடியை எடுத்து இரண்டு தட்டினார். கீழேயிருந்து பதில் வந்தது. ஆனால் இரண்டோடு நிற்கவில்லை. இவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"என்னடி இது, நிறுத்தாம தட்டுறாரு?"

"ஜுரவேகம். கிறுக்குத்தனமா ஏதாவது பண்ணுவாங்க. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

இடது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல் முட்டி சிவந்திருந்தது. அவருக்கே காயம் பட்டுவிடும் என்று கம்பியைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டினேன். கையையும் ஒரு ஓரமாகச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது, தளர்வாகத்தான் கட்டினேன்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, இன்ஜினீயர் வேறு ஏதோ தாளுக்காகக் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக அந்த முப்பது நாள் விதியைப் பற்றிக் கேட்டேன். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன செய்வது என்று.

"அதுக்கென்னம்மா, ஆஸ்பத்திரியில இருந்தா அது காலி வீடு இல்ல. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தாப் போதும். புத்தகத்துல ஒன்பதாம் பக்கத்துல இருக்கே, பார்க்கலையா?"

"பார்க்கலை" என்றேன்.

"ஏன், யாருக்காவது முடியலையா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. இரண்டே வரி. எட்டாம் பக்கம் வரைக்கும்தான் நான் படித்திருந்தேன், அதற்குமேல் சோலார் தகடு பற்றி என்று நினைத்துவிட்டேன்.

அன்றே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆனால் அதற்குள் முதுகில் இரண்டு இடத்தில் புண் வந்துவிட்டது. நான் புரட்டிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் இங்கே ஒருவர், மேலே ஒருவர், என்னால் எத்தனை தடவை ஏறி இறங்க முடியும். பார்க்கிற டாக்டர் எத்தனை நாள் புண் என்று கேட்பாரே. மணிக்கட்டில் கட்டின தடம் இருந்தது. நல்ல எண்ணத்தோடு செய்ததை மற்றவர்கள் அப்படியே பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒரு மெசேஜுக்குக்கூட அப்பா பதில் போடல ஆன்ட்டி. அவரு போடுற அந்த பஸ் படம்கூட இல்ல. நான் வர்ற சனிக்கிழமை நேர்ல வரேன்." வாம்மா என்று சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் போய்விட்டார். கட்டை அவிழ்த்து, குளிப்பாட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, தலை சீவிவிட்டேன். சாயங்காலம் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். வந்த டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், வயசைக் கேட்டார், எழுதிக் கொடுத்தார். மகள் என் தோளில் விழுந்து அழுதாள். "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே ஆன்ட்டி" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

வருஷக் கடைசியில் கட்டடம் இருபதே அரை வாங்கியது. ஐந்து மாசத்தில் லிப்ட் வந்தது. திறப்பு அன்று நகராட்சியிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் வந்திருந்தார்கள். இவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத்தான் முதல் தடவை இறக்கினோம். கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ரைட் சொல்ல ஆளில்லையே" என்றார். வாசலில் ஒரு மணி நேரம் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டடத்திலேயே அதிகம் மிச்சம் பிடித்தவர் என்று கண்டக்டருக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள மகளை அழைத்திருந்தார்கள். கம்பெனிப் பெண் ஒருத்தி, பாவம், நல்ல மனசோடு, அவர் வீட்டு வருஷக் கோட்டைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் டீத் தட்டோடு நின்றிருந்தேன். மகள் விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள்.

"இது என்னங்க, பல்லு பல்லா?"

"காலையில அஞ்சரைக்கு வருதுங்க. கெட்டிலா இருக்கும்."

"ஆமா, அப்பாவோட கெட்டில். அது இல்லாம அவருக்குப் பொழுதே விடியாது." விரல் நின்றது. "இங்க இல்லையே. அவரு போன தேதிக்கு முன்னாடி... ஒண்ணு, ரெண்டு..." பதினாறு வரைக்கும் எண்ணினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

விளக்கு, ஃபேன் எல்லாம் அந்த நாட்களில் சரியாகத்தான் ஓடியிருந்தது. கெட்டிலை நான் மறந்துவிட்டேன். கட்டடம் முழுக்க அதை அணை, இதை அணை என்று சொல்லித் திரிந்தவளுக்கு, எதையாவது போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நான் இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. இவர் இன்னும் பார்க்க வரவில்லை. லிப்ட் இருக்கிறது, வாசல்வரை நாற்காலி உருளும், வருவதற்கு ஒரு தடையும் இல்லை. கோபம் தணிந்ததும் வருவார்.

நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் அந்தக் கெட்டிலைப் பற்றியும் ஏன் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை என்பதைப் பற்றியும்தான். கடைசி மூன்று நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தாளில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவது எனக்குப் பிடிக்காது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மகள் போனை வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். இழுக்கவில்லை, குழறவில்லை. விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் வார்த்தை. கவனித்துக்கொண்டவள் என்ற முறையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டம்ளரை நிரப்பவும் செய்தேன். கட்டில் பக்கம் வரும்போதுதான், சனிக்கிழமை மகள் வந்து உட்காரும்போது இதே வாய் இன்னும் என்னென்ன சொல்லும் என்று நினைத்தேன். திரும்பிப் போய் டம்ளரைச் சமையலறையில் வைத்தேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். அதன்பிறகு கஞ்சியும் கரைக்கவில்லை, அதிலும் தண்ணீர்தானே. திங்கட்கிழமையும் அதையே சொன்னார். செவ்வாய்க்கிழமையும் சொன்னார், ஒவ்வொரு தடவையும் நன்றாகப் புரிந்தது. புதன்கிழமை காலை உதடு மட்டும் அசைந்தது.

மற்றபடி அந்த மூன்று நாளும் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.